மெஷினுக்கு ஐந்து நாள் ஓய்வு

— ‘தெரியாமல்’ங்கிற வார்த்தைய எடுத்துரு தாயி. தெரியாமச் செய்யல. தெரிஞ்சுதான் அணைச்சேன்.

— அப்டி எழுதினா இன்னிக்கே வேலைய உட்டு அனுப்பிடுவாங்க சௌந்தர்ணா. மன்னிப்புக் கடிதம்னா தெரியாம செஞ்சதாத்தான் எல்லாரும் எழுதுவாங்க.

— அது பொய்யாயிராதா? எது சுவிட்சுன்னு தெரியும். அணைச்சா மெஷினு நிக்கும்னு தெரியும். செவ்வாக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு இந்தக் கையாலதான் அணைச்சேன். ‘ஆயுத பூஜைக்காக லேப்ல இருந்த எல்லா மெஷினையும் அணைத்தேன், அதில் ஃப்ரீசரும் ஒன்று’ன்னு எழுது. உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.

— எழுதறன், இருங்க. ‘லேப் அட்டெண்டர் சௌந்தரராஜன் ஆகிய நான்’னு ஆரம்பிச்சிருக்கேன். இன்ஷியல் இன்னா?

— மு. எங்கய்யா பேரு முத்தையா. செத்து பதினேழு வருசம் ஆச்சு. இப்பிடி ஒரு கடுதாசில வந்து உக்காரணும்னு அவருக்கு விதி.

— நீங்களே உங்க கையால எழுதிட்டா நல்லா இருக்கும்ணா. நான் எழுதறது எனக்கே ஒரு மாதிரி இருக்குது.

— என் எழுத்த நானே படிக்க முடியாது. இருபத்துநாலு வருசம் கம்பெனில ஷிஃப்டு சீட்டுல டிக்கு மட்டும் போட்ட கை. நீ ஆறு வருசமா பிஹெச்டி படிக்க புள்ள. கமலக்கண்ணன் சாருக்கு எப்பிடி எழுதுனா பிடிக்கும்னு ஜோதிமணிய விட்டா இந்தக் காலேஜுல வேற யாருக்குத் தெரியும்?

— எங்க கைடுக்கு எப்டி எழுதினாலும் பிடிக்காதுங்ணா. செவப்புப் பேனால ரெண்டு கோடு இழுத்தாத்தான் அவருக்கு டீ எறங்கும்.

— பத்து மணிக்கு வாரேன்னு போன்ல சொன்னாரு. இப்ப மணி என்ன?

— ஒம்பதேகால்.

— அப்ப நேரம் இருக்கு. பைய எழுது. நான் இந்தத் தண்ணிய ஒரு தடவ தள்ளி விட்ருதேன். காலு வையாத, வழுக்கும்.

— எத்தினி தடவணா தொடைப்பீங்க? உடுங்க. தானா காயும்.

— வந்துக்கிட்டே இருக்கே தாயி. வெள்ளன எட்டு மணிக்குக் கதவத் தொறக்கேன், தரையெல்லாம் தண்ணி. அஞ்சு நாள் லீவுல பேஞ்ச மழைக்குக் கூரை ஒழுகியிருக்குன்னுதான் நெனச்சேன். மாப்ப எடுத்துத் தொடைக்கேன், தொடைக்கேன், நிக்க மாட்டேங்கு. பெறவு குனிஞ்சு பாத்தா ஃப்ரீசருக்கு அடில இருந்து வருது. மூடியத் தூக்குனேன். உன் டப்பாவெல்லாம் மெதந்துக்கிட்டுக் கெடக்கு. மழை பேஞ்ச மண்ணு வாசம் அடிச்சுது. அப்பக்கூட இந்த மண்டைக்கு வெளங்கல. நல்ல வாசமா இருக்கேன்னு நின்னேன், சண்டாளன்.

— அது மண்ணு முழிச்சுக்கிற வாசம்ணா. மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க கோடி கெடக்குது. ஐஸ்ல போட்டா தூங்கிடும். எழுந்துச்சுன்னா, மண்ணுல மிச்சம் இருக்கிற பூச்சி மருந்தத் தின்ன ஆரம்பிச்சிடும். நான் அளக்க வேண்டியதே அந்த மருந்ததான்.

— தின்னு முடிச்சிருக்குமோ?

— அஞ்சு நாளுங்ணா. முடிச்சிட்டு கை கழுவியிருக்கும்.

— மொத்தம் எத்தன டப்பா?

— நூத்தி நாப்பத்துநாலு. ஆறு ரோஜா ஷெட்டு. மாசத்துக்கு ஒருக்கா, ரெண்டு வருஷம்.

— மண்ணுதான தாயி. திரும்ப அள்ளிக்கிற முடியாதா? நான் வாரேன். மம்பட்டியும் நான் எடுத்துட்டு வாரேன். எந்த ஊர்னு சொல்லு.

— எங்கூர் தாண்டி, ஜவளகிரி போற ரோட்டுலணா. ஆனா இப்ப அங்க ஷெட்டு ஏது? பூத்தோட்டத்த சித்திரைலயே வித்துட்டாங்க. பாலிதீன உரிச்சு, பைப்பெல்லாம் கழட்டிக்கினு போயிட்டாங்க. இப்ப மஞ்சக் கல்லு நட்டு, வளைவு வெச்சு, ப்ளாட் போட்டுட்டாங்க. அந்த மண்ண மேல இருந்து ரெண்டடி சொரண்டி எங்கியோ ரோட்டுக்குக் கொட்டிட்டாங்க.

— அட பாவிகளா.

— அது இருந்தப்பவே என்னை உள்ள உடல. கிருஷ்ணப்பன்னு ஒரு மேஸ்திரி, கன்னடத்துல கேட்டாலும் ‘ஆகல்லம்மா’, தெலுங்குல கேட்டாலும் ‘காதம்மா’ம்பான், முடியாதுன்னு. காலேஜு லெட்டர் குடுத்தேன், வாங்கி மடிச்சு டேபிள் ஆடுதுன்னு காலுக்கு அடில வெச்சான்.

— பெறவு எப்பிடி ரெண்டு வருசம் அள்ளுன?

— எங்கம்மா அங்கதான் பூ வெட்டப் போயிகினு இருந்துச்சு. மாரம்மான்னா அந்தத் தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். மத்தியானம் சோறு தின்ன டப்பாவக் கழுவி, ஷெட்டுக்கு ஒரு பிடி மண்ணா அள்ளி, காயிதத்துல சுத்தி எடுத்துக்கினு வரும். ‘படிக்க வெச்சு படிக்க வெச்சு, கடைசில என்னையே மண்ணு அள்ள உட்டியேடி’ன்னு பேசிக்கினேதான் குடுக்கும். ஆனா ஒரு மாசம் தவறுனதில்ல. காய்ச்சல்ல கெடந்தப்ப கூட ஆள் உட்டு எடுத்தாந்துச்சு.

— இதக் கேக்காமலே இருந்திருக்கலாம் நான்.

— நீங்க கேட்டீங்க, சொன்னேன்.

— அந்தத் தாயிட்ட என்னன்னு போயிச் சொல்லுவ?

— தெரிலணா. அது இப்ப சிப்காட்டுல ஒரு கம்பெனில ஹவுஸ்கீப்பிங். ஷிஃப்டு முடிஞ்சு வந்து படுத்தா பேச்சே இருக்காது. இன்னிக்கு சொல்லித் தொலையணும்.

— நீ ஒரு வார்த்தை திட்டிரு என்னைய.

— திட்டி இன்னா ஆவப்போவுது?

— காலைல உனக்குப் போன் அடிச்சுச் சொன்னப்பவும் ‘சரிங்ணா, வரேன்’னு வச்சுட்ட. பஸ்ஸ விட்டு எறங்கி வந்த. டப்பாவத் தொறந்து பாத்த, மூடுன. அழல, கத்தல. எங்க கம்பெனில ஒருத்தனுக்கு ப்ரெஸ் மெஷின்ல கை போனப்ப அவன் இப்பிடித்தான் சத்தம் போடாம நின்னான்.

— எனக்குக் கை போவலணா. அசதியா இருக்குது, அவ்ளோதான். நேத்தே அசதியாத்தான் இருந்துச்சு, போன மாசமும் அப்டித்தான். அடுத்த வரி சொல்லுங்க.

— எங்க விட்டோம்?

— ‘ஆயுத பூஜையை முன்னிட்டு.’ ஏன் அணைச்சீங்கன்னு எழுதணும். சார் அதத்தான் மொதல்ல கேப்பாரு.

— ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? எங்க கம்பெனில அப்பிடித்தான். ஆயுத பூஜைக்கு மொத நாளு செகண்டு ஷிஃப்டு கெடையாது. ஒவ்வொருத்தனும் அவனவன் மெஷின அணைச்சு, வேஸ்டு துணில டீசல் தொட்டு, நட்டு நட்டா தொடைக்கணும். இண்டு இடுக்குல இருக்க துரும்பெல்லாம் ஊசி வச்சு எடுப்போம். பெறவு சந்தனம், குங்குமம், ஒரு மொழம் பூவு. அதுக்கு மேல சுவிட்சத் தொட்டான்னா சூப்பர்வைசரே ஆனாலும் கையத் தட்டி விட்ருவோம். வருசம் பூரா நமக்காக ஓடுதது, ஒரு பொழுது படுத்துக் கெடக்கட்டுமேன்னு. திரும்ப வந்து, எலுமிச்சம்பழம் வச்சு, சாமி கும்பிட்டுத்தான் போடுவோம்.

— இத அப்டியே எழுத முடியாதுங்ணா. ‘தொழிற்சாலைப் பழக்கத்தின் காரணமாக’ன்னு போட்டுடறேன்.

— போடு. எட்டு மாசமா இங்கன சோலி பாக்கேன், இது எனக்கு மொத பூஜை. கம்பெனி லைனத் தூக்கிக்கிட்டு வேற ஊருக்குப் போனான். எங்களப் போகச் சொன்னான். அம்பத்திரண்டு வயசுல எந்தக் கம்பெனிக் கேட்டுல போயி நிக்க? இங்கன கான்ட்ராக்டுல சேந்தப்ப எங்க வீட்டுக்காரி ராசாத்தி தெரு பூராவும் ‘அவுக காலேஜுல லேப்ல இருக்காக’ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. இந்தத் தடவ எனக்குன்னு நாலு மெஷினு இருக்கேன்னு ஒரு சந்தோசம். செவ்வாக்கிழமை மத்தியானத்துல இருந்து ஒத்த ஆளாத் தொடைச்சேன். அந்தப் பெரிய மெஷினு இருக்குல்ல, கண்ணாடி ரூம்புக்குள்ள, ரிப்பன் கட்டுனது? அதுக்குத்தான் பெரிய பொட்டு.

— அத அணைச்சீங்களா?

— சுவிட்சத் தேடுனேன், கெடைக்கல.

— இருந்தாத்தானணா கெடைக்கும். வந்து அஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் ஒயரே இழுக்கல. அதுக்கு ஏசி ஓணும், கேஸ் லைன் ஓணும். ஒண்ணும் வரல. காலேஜுக்கு மார்க் போடற கமிட்டிக்காரங்க பாக்க வந்தப்ப ரிப்பன் கட்டி, நான் பக்கத்துல வெள்ளக் கோட்டு போட்டுக்கினு நின்னேன். அது ஓடியிருந்தா இந்த மண்ணெல்லாம் எப்பவோ அளந்து முடிச்சிருப்பேன். பெங்களூருல ஒரு இன்ஸ்டிட்யூட்ல அளக்கக் கேட்டு, பதினாலு மாசம் காத்துக்கினு இருந்து, வர மாசம் பத்தாந் தேதிதான் நாள் குடுத்தாங்க.

— வர மாசமா?

— ஆமாங்ணா. வர மாசம்.

— ஓடாத மெஷினுக்குப் பொட்டு வச்சுட்டு, ஓடிக்கிட்டு இருந்தத அணைச்சிருக்கேன். இந்த ஃப்ரீசரத்தான் தாயி மொதல்ல அணைச்சேன். மூலைல கெடந்து ராப்பகலா உறுமிக்கிட்டே கெடக்கு, பாவம், இதுக்கும் ஒரு ஓய்வு வேணாமான்னு.

— அதுல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு. ‘எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது’ன்னு என் கையால எழுதி ஒட்டுனது.

— சத்தியமா நான் பாக்கல.

— நீங்க பாத்திருக்க முடியாது. நீங்க சேர்றதுக்கு முன்னாடியே, கமிட்டி வராங்க, சுவத்துல மெஷின்ல காயிதம் எதுவும் தொங்கக் கூடாதுன்னு சார் சொன்னாரு. நான்தான் தண்ணி தெளிச்சு சொரண்டி எடுத்தேன். அவங்க போனதும் திரும்ப ஒட்டணும்னு நெனச்சேன். ஒட்டல. அதனால இதுல என் தப்பும் இருக்குதுன்னு ஒரு வரி—

— போடாத.

— உண்மதானேணா. நீங்கதான உள்ளது உள்ளபடின்னீங்க.

— உன் தப்புன்னு ஒரு எழுத்து வந்துச்சுன்னா யுனிவர்சிட்டிக்காரன் அதப் புடிச்சுக்கிடுவான். சார் போன்ல என்ன சொன்னாரு? திரும்பச் சொல்லு.

— இந்த டிசம்பரோட என் ஆறு வருஷம் முடியுது. அதுக்குள்ள தீசிஸ் குடுக்கலன்னா பதிவே போயிடும். ‘ஆராய்ச்சி மாணவர் தவறு இல்லாம, வேறொருத்தர் தவறால சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு எழுத்துல இருந்தா, ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன் கேட்டு நானே கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். இல்லன்னா என்னால ஒண்ணும் ஆவாது’ன்னாரு.

— அம்புட்டுத்தான். அந்த வேறொருத்தன் நான். என் கடுதாசி போனா உனக்கு ஒரு வருசம் வரும். வேற தோட்டம் பாப்போம், வேற மண்ணு அள்ளுவோம்.

— கரண்டு போச்சுன்னு எழுதிட்டா?

— அடுத்த ரூம்புல பாட்டனிக்காரங்க ஃப்ரிட்ஜு கல்லு மாதிரி ஐஸோட இருக்கு. இது மட்டும் எப்பிடிப் போச்சும்பான். அதோட நான் ஏற்கெனவே சார்ட்ட போன்ல ஒத்துக்கிட்டேன்.

— உங்க கான்ட்ராக்டு சூப்பர்வைசர் சும்மா இருக்க மாட்டான். சாயங்காலத்துக்குள்ள ஐடி கார்ட வாங்கிக்குவான்.

— வாங்கட்டும். குருபரப்பள்ளில ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடைல ஆள் கேட்டிருக்கான். மவன் ஆனந்த் வேற ட்ரெய்னியாப் போறான். கஞ்சிக்குப் பஞ்சமில்ல. வீட்டுக்காரிக்குத்தான் தெருவுல சொல்ல ஒண்ணும் இருக்காது. என் சோலிய விடு. உன் ஆறு வருசம் என்னால போச்சுன்னு இருந்தா எனக்கு உறக்கம் வராது.

— நீங்க இப்டி பேசாதீங்க சௌந்தர்ணா. எனக்குக் கஷ்டமா இருக்குது.

— சரி, பேசல. எழுது. செத்த நில்லு, அந்த நாற்காலிய இங்கிட்டு இழுத்துப் போட்டு உக்காரு. ஏன் அந்தச் சந்துக்குள்ளயே போயி உக்காருத? கால் நீட்ட எடமில்ல. ஒரு பக்கம் ஆசிட் பீரோ, ஒரு பக்கம் ஃப்ரீசரு.

— பழகிடுச்சு. இந்த ரூம்லயே நல்ல ப்ளக்கு இது ஒண்ணுதான். மேல் ஓட்டைல ஃப்ரீசர், கீழ் ஓட்டைல என் லேப்டாப்பு. வேற எங்க போயி உக்கார்றது?

— ரிசர்ச் ஸ்டூடன்ஸ் ரூம்புன்னு போர்டு பாத்தேனே, கீழ.

— அது விளையாட்டு சாமான் போடற ரூமுங்ணா. கமிட்டி வந்த மூணு நாளு பந்தெல்லாம் சாக்குல கட்டி மாடிக்கு ஏத்திட்டு, போர்டு மாட்டி, ரெண்டு கம்ப்யூட்டர் இரவல் வாங்கி வெச்சாங்க. என்னையும் எம்எஸ்ஸி பிள்ளைங்க நாலு பேரையும் உக்கார வெச்சாங்க. ‘இங்க வசதி எல்லாம் எப்டிம்மா’ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. நல்லா இருக்குதுன்னு சொன்னேன். ஃபேன் ஓடுச்சு, ஜன்னல் தொறந்தா யூகலிப்டஸ் மரம் தெரிஞ்சுது. நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சு. நாலாம் நாளு பந்து திரும்பி வந்துடுச்சு, போர்டு மட்டும் தங்கிடுச்சு.

— அப்பவே கேட்டிருக்கலாம்ல அவங்ககிட்ட.

— கேட்டுட்டு? கைடு மொகத்துலதான திரும்ப முழிக்கணும். ஹாஸ்டல் கேட்டேன், ரிசர்ச் பண்ற பொண்ணுங்களுக்குக் கெடையாதுன்னாங்க. காலைல ஆறு மணிக்கு ஊர்ல கெளம்பி ரெண்டு பஸ்ஸு. லேப் அஞ்சரைக்கு மூடிடுவாங்க. பாத்ரூம் போவணும்னா புது பில்டிங் வரைக்கும் நடக்கணும், அதையும் நாலு மணிக்குப் பூட்டிடுவாங்க. அதனால மத்தியானத்துக்கு மேல நான் தண்ணி குடிக்கறதில்ல. நடுவுல சாரோட க்ளாஸு நான் எடுக்கணும், பரீட்சைக்கு சூப்பர்விஷன் போவணும், கமிட்டிக்கு அம்பது ஃபைலு. என் வேலைன்னு பாத்தா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் இந்த உறுமல்.

— ஆமா, சத்தம் ஜாஸ்திதான். கம்ப்ரெசர் தேஞ்சிருக்கும்.

— ஆறு வருஷமா காது பக்கத்துல. பஸ்ல உக்காந்தாலும் கேக்குது. வீட்டுக்குப் போயி படுத்தா தலகாணிக்குள்ள கேக்குது. ஒரு நாளு எங்கப்பாகிட்ட, ஏதோ மோட்டர் ஓடிகினு இருக்குது, போயி நிறுத்துன்னு சொல்லியிருக்கேன். எங்கூர்ல அந்நேரத்துக்கு எந்த மோட்டரும் ஓடல.

— தாயி, உன் கூடப் படிச்ச பயலுவ, யாரும் இல்லையா இப்ப?

— மூணு பேரு சேந்தோம். ரஞ்சிதாவுக்குக் கல்யாணம் ஆச்சு, போயிடுச்சு. இளம்பரிதி மூணாம் வருஷம் ஒரு பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டிக்குப் போயிட்டான். ‘எனக்கு முடியல ஜோதி, நான் உட்டுடறேன்’னு இந்த எடத்துலதான் நின்னு சொன்னான். நான் அவனுக்கு அட்வைஸ் பண்ணேன்ணா. பாதில உடறவங்கள யாரும் மதிக்க மாட்டாங்கன்னு. அவன் சிரிச்சான்.

— நீ அப்பிடிப் போற ஆளில்ல. அதான் நான் அன்னிக்கே ராசாத்திட்ட சொன்னேன்.

— அவனுக்கு சொல்லிக்கினு போவ முடிஞ்சுது. எனக்கு யார்கிட்டணா சொல்றது? ஊர்ல என்னை டாக்டரம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆவுது. மாதேஸ்வரின்னு ஒரு பெரியம்மா, முட்டி வலிக்கு ஊசி போடுன்னு வாசல்ல வந்து நிக்குது. இது வேற டாக்டர்னு சொன்னா, எல்லா டாக்டருக்கும் முட்டி தெரியாதான்னு கேக்குது. எங்கப்பா கங்கப்பன் ஒரு கம்பெனி கேட்டுல செக்யூரிட்டி. உள்ள போற ஆபீசருங்களுக்கெல்லாம் சல்யூட் அடிச்சிட்டு, ‘சார், எம் பொண்ணு டாக்டர் பட்டம் வாங்கப்போவுது’ன்னு சொல்லுது. எங்க தெருவுல ப்ளஸ் டூ தாண்டுனதே நான்தான். நான் உட்டுட்டேன்னு ஆச்சுன்னா, பின்னாடி வர்ற பிள்ளைங்கள படிக்க வைக்கிறதுக்கு யோசிப்பாங்க.

— அதான் சொல்லுதேன், ஒரு வருசம் கெடைக்கட்டும்.

— ஆமா. இன்னும் ஒரு வருஷம். இதே நாற்காலி.

— என்ன தாயி, கெடைக்கிறது உனக்குச் சந்தோசமா இல்லையா?

— சந்தோஷப்படக் கூட தெம்பு ஓணும்ணா. எழுதலாம், நேரம் ஆவுது. ‘வியாழன், வெள்ளி, சனி’...

— புதனும் ஞாயிறும் சேத்து அஞ்சு நாளு. புதன் பூஜை, வியாழன் விஜயதசமி. வெள்ளிக்கிழமை ஒரு நாளு காலேஜு இருந்தா நான் வந்து போட்ருப்பேன். அதுக்கும் வேற லீவு விட்டுட்டான். நானும் இங்கன பக்கத்துலதான இருக்கேன், எட்டிப் பாத்திருக்கலாம். ராசாத்தி ஊருக்குப் போவோம்னா, கோவில்பட்டி பஸ் ஏறிட்டோம். அங்கன போயி பொரிகடலையத் தின்னுக்கிட்டு, எங்க காலேஜுல நான்தான் பூஜை பண்ணுனேன்னு மச்சினன்ட்டப் பீத்திக்கிட்டு இருந்தேன்.

— அணைக்கக் கூடாதுன்னு உங்களுக்கு எப்டிணா தெரியும்?

— நீயாவது பாத்திருந்தா எடுத்துச் சொல்லியிருப்ப. எனக்கு அதுவும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. மறுநாளு லீவுன்னு செவ்வாக்கிழமையே கீழ பூஜை முடிஞ்சு எல்லாருக்கும் பொட்டலம் குடுத்தேன். நீ வாங்கிக்கிட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டு, மழை பிடிச்சுட்டுன்னு குடைய எடுக்கத் திரும்பி வந்த. நான் கீழ வாசல்ல வாழக்கன்னு கட்டுதேன்னு சாவிய உங்கிட்டயே குடுத்துட்டேன். உங்கூட நானும் மேல வந்திருந்தா, ‘ஏண்ணா இத அணைச்சீங்க’ன்னு அங்கனயே கேட்டிருப்ப. அவசரத்துல நீயும் கவனிக்கல. பஸ்ஸ விட்ருவேன்னு நானே வேற கீழ இருந்து சத்தம் போட்டேன்.

— ம்.

— பஸ்ஸு கெடைச்சுதா அன்னிக்கு?

— அடுத்த பஸ்ஸுலதான் போனேன்.

— பாத்தியா. சரி, கடைசி வரி சொல்லுதேன், எழுதிக்கோ. ‘இதில் வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை.’ இல்ல இல்ல, இன்னும் தெளிவா. ‘ஆராய்ச்சி மாணவி ஜோதிமணிக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது. முழுப் பொறுப்பும் என்னுடையதே.’ இந்த வரிதான் தாயி உனக்கு ஒரு வருசம் வாங்கிக் குடுக்கும். நல்லா அழுத்தி எழுது.

— அந்த வரி ஓணாம்ணா.

— அது இல்லாம எதுக்கு இந்தக் கடுதாசி? எழுது. நான் கையெழுத்த இப்பவே போட்டுக்கிடுதேன், எங்கன? கீழயா?

— கையெழுத்துப் போடாதீங்க. மொதல்ல பேனாவக் குடுங்க.

— போட்டாச்சு. மு. சௌந்தரராஜன். பாரு, கோணலா வந்துட்டு. இந்தா பேனா, பிடி. தண்ணி குடிக்கியா?

— ஓணாம்.

— பைக் சத்தம் கேக்கு. சார்தான். படி ஏறி வர ரெண்டு நிமிசம் ஆகும். அந்த ஒரு வரிய எழுதிரு, வெரசா.

— எழுத முடியலங்ணா.

— இது என்ன கூத்தா இருக்கு. முழுசும் எழுதிட்டு இதுல வந்து நிக்க. நடந்தத எழுதுறதுக்கு என்ன?

— நடந்தது அது இல்லணா. குடை எடுக்க வந்தப்பவே இந்த மூலைல சத்தம் இல்ல, சுவிட்சு என் கை எட்டற தூரத்துலதான் இருந்துச்சு, நான் இந்த நாற்காலில பத்து நிமிஷம் உக்காந்து அந்த சத்தம் இல்லாதத கேட்டுட்டு, போடாம கதவப் பூட்டிக்கினு எறங்கி வந்தேன்.